டி.ஐ.சி.க்குப் போகும் முன்: மாவட்டத் தொழில் மையம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

மாவட்டத் தொழில் மையத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "சார், இங்க லோன் குடுக்கிறாங்களாமே?"

நானும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் போனேன். பாக்குமட்டைத் தட்டு அடிக்கும் மெஷின் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ். எதிரே உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, கடன் குடுக்கிறது பேங்க். நாங்க எழுதித்தான் குடுப்போம்." இந்த ஒரு வரி முழுதாகப் புரிய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு நாள் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு. மற்ற மாநிலங்களிலும் இதே மையங்கள் உண்டு, திட்டங்களின் பெயரும் தொகையும் வேறு.

இந்த ஆபீஸ் எங்கிருந்து வந்தது

1977 டிசம்பரில் ஜனதா அரசு ஒரு தொழிற்கொள்கையை அறிவித்தது. அப்போது தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். சிறுதொழில் செய்ய வருகிறவன் மாநிலத் தலைநகருக்கும் டெல்லிக்கும் ஓடக் கூடாது, அவனுக்கு வேண்டியதெல்லாம் அவன் மாவட்டத்திலேயே ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் ஆசைகளில் ஒன்று. அதன்படி 1978 மே மாதம் மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கின. இன்று எல்லோரும் 'ஒற்றைச் சாளரம்' என்று புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலப் பேசுகிறார்கள். அந்த ஜன்னலை வெட்டி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. திறந்து மூடுவதில்தான் சிக்கல்.

தமிழ்நாட்டில் இந்த மையங்கள் கிண்டியில் உள்ள தொழில் வணிக ஆணையரகத்தின் கீழ், குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையில் வருகின்றன. மாவட்டத்தில் இதன் தலைவர் பொது மேலாளர், எல்லோரும் 'ஜி.எம்.' என்பார்கள். அவருக்குக் கீழே மேலாளர்கள், உதவிப் பொறியாளர்கள். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் உதவிப் பொறியாளர் மேசையில்தான் நடக்கும், அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகரில் மட்டும் டி.ஐ.சி. என்ற பெயரில் அலுவலகம் கிடையாது. அங்கே அதே வேலையை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் பார்க்கிறது.

ஒரு சின்ன யோசனை: திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், ஜி.எம். பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

அதிகாரம் எதில், எதில் இல்லை

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

டி.ஐ.சி.க்குச் சொந்தமாகக் கடன் கொடுக்கும் பணம் கிடையாது. வங்கியை 'கொடுத்தே ஆக வேண்டும்' என்று உத்தரவிடும் அதிகாரமும் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, கட்டட வரைபட ஒப்புதல், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தொழிற்சாலை உரிமம், மின் இணைப்பு எதையும் டி.ஐ.சி. தன் கையால் தராது. அதனதன் துறைதான் தரும்.

சரி, பிறகு எதற்கு அங்கே போக வேண்டும்? ஏனென்றால் அது பரிந்துரைக்கிறது. பெரும்பாலான சுயதொழில் திட்டங்களில் உங்கள் விண்ணப்பம் டி.ஐ.சி. வழியாக வந்தால்தான் மானியம் என்ற பேச்சே வரும். வங்கிக்கு நேராகப் போய்க் கடன் வாங்கிவிட்டுப் பிறகு இங்கே வந்து "மானியம் குடுங்க" என்றால் முடியாது.

அடுத்தது, கூட்டி வைக்கும் வேலை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒற்றைச் சாளரக் குழு ஒன்று உண்டு, அதைக் கூட்டும் பொறுப்பு ஜி.எம்.முடையது. 2018இல் வந்த தொழில் எளிதாக்கச் சட்டம் இந்தக் குழுவுக்குச் சட்ட பலம் கொடுத்தது. மின்வாரியம், மாசுக் கட்டுப்பாடு, தீயணைப்பு, உள்ளாட்சி என எல்லோரும் ஒரே மேசைக்கு வருவார்கள். உங்கள் கோப்பு மூன்று மாதமாக ஒரு துறையில் தூங்குகிறது என்றால் ஆட்சியர் முன்னிலையில் "ஏன்?" என்று கேட்க வைக்கும் இடம் இது. கேள்விப்பட்டவர்கள் குறைவு, பயன்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு.

மூன்றாவது, சரிபார்க்கும் வேலை. உங்கள் இடத்துக்கு வந்து மெஷின் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்து எழுதுவதும், மானியம் வாங்கிவிட்டு இடையில் மூடிவிட்டால் திரும்ப வசூலிக்கப் பரிந்துரைப்பதும் இவர்கள்தான். தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைக் கவனிப்பது, ஏற்றுமதிக்கான மாவட்டக் குழு வேலை என்று வேறு கடமைகளும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு அவை உடனே தேவைப்படாது.

முதலில் இடம், அப்புறம் திட்டம்

வருகிறவர்கள் செய்யும் தலைகீழ் வேலை, "எதுல சார் மானியம் ஜாஸ்தி?" என்று கேட்டு அதற்குத் தகுந்த தொழிலைத் தேடுவது. தொழிலை முடிவு செய்துவிட்டுத்தான் திட்டத்தைத் தேட வேண்டும். தொழில் முடிவானதும் பார்க்க வேண்டியது இடம்.

இடம் ஊராட்சியில் இருக்கிறதா, நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சில திட்டங்களில் மானிய விகிதமே மாறும். வாடகை இடம் என்றால் ஒப்பந்தம் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தைக் கண்டு வங்கிகள் முகம் சுளிக்கும், கடன் காலத்தையாவது தொடும் அளவுக்குப் போடச் சொல்வார்கள். பட்டா யார் பெயரில், சொத்து வரி ரசீது யார் பெயரில், மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் என்று முன்கூட்டியே பாருங்கள். வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 12 கிலோவாட் வரையுள்ள குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கென்று தனி தாழ்வழுத்த (எல்.டி.) கட்டணப் பிரிவு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் வணிகப் பிரிவில் மாட்டிக்கொண்டு மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறவர்கள் ஏராளம்.

சொந்த நிலம் இல்லையா? மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் தொழிற்பேட்டைகளில் மனை காலியாக இருக்கிறதா என்று டி.ஐ.சி.யிலேயே விசாரிக்கலாம். ஒதுக்குவது சிட்கோ. தகவல் இவர்களிடம் இருக்கும்.

மெஷினை வாங்கிவிடாதீர்கள்

நான் செய்த தவறு இது. நண்பர் ஒருவர் பழைய ஹைட்ராலிக் மெஷினை மலிவாகத் தருகிறேன் என்றார். விட்டால் போய்விடும் என்று அவசரப்பட்டு நகையை அடகு வைத்து வாங்கிப் போட்டுவிட்டேன். 'மானியம் வந்ததும் மீட்டுக்கலாம்' என்பது கணக்கு. உதவிப் பொறியாளர் கேட்ட முதல் கேள்வியே, "ஏற்கனவே ஆரம்பிச்சாச்சா?" என்பதுதான்.

புதிய தொழில்முனைவோருக்கான திட்டங்கள் புதிய அலகுகளுக்கு மட்டும். ஏற்கனவே ஓடும் அலகுக்கு அவை கிடைக்காது. கடன் அனுமதிக்கு முன் வாங்கிய மெஷினைத் திட்ட மதிப்பில் சேர்க்கவும் முடியாது. பழைய மெஷினையோ, வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதே இல்லை. நான் அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

உத்யம் பதிவிலும் இதே பள்ளம் உண்டு. 2020 ஜூலை 1 முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ஒரே பதிவு உத்யம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசு தளத்தைப் போலவே தோற்றம் காட்டும், ஏமாறாதீர்கள். அந்தப் படிவத்தில் தொழில் தொடங்கிய தேதியைக் கேட்பார்கள். சும்மா ஒரு பழைய தேதியைப் போட்டுவிட்டால், நாளைக்குப் புதிய அலகு என்று விண்ணப்பிக்கும்போது உங்கள் சான்றிதழே உங்களுக்கு எதிர்சாட்சி சொல்லும். கடன் கையில் வந்து தொழில் தொடங்கும்போது பதிந்துகொள்வது நல்லது.

எந்தத் திட்டம்

டி.ஐ.சி. சுவரில் பத்துப் பதினைந்து திட்டங்களின் பலகை மாட்டியிருக்கும். புதிதாக வருகிறவருக்கு முக்கியமானவை நாலைந்துதான். தொகைகளும் வரம்புகளும் அரசாணைக்கு அரசாணை மாறும், போகும் அன்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்ன அளவில் தொடங்குகிறவர்களுக்கு மாநில அரசின் வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். எல்லோர் வாயிலும் அது 'யு.ஒய்.இ.ஜி.பி.'. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். திட்ட மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 45, சிறப்புப் பிரிவுக்கு 55.

மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது 'பி.எம்.இ.ஜி.பி.', 2008 முதல் நடக்கிறது. கடைசியாகத் திருத்திய விதிகளின்படி உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. மானியம் பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். சிறப்புப் பிரிவுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் எல்லோரும் அந்தச் சிறப்புப் பிரிவில் வருவார்கள். தமிழ்நாட்டில் வரிசையில் நிற்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இதற்குள் அடக்கம். வயதுக்கு மேல் வரம்பு இல்லை, 18 முடிந்திருந்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். எங்கள் தெருவில் ஒரு அக்கா தையல் அலகுக்கு எல்லாம் தயார் செய்துவிட்டு, கணவர் பல வருடம் முன்பு இதே திட்டத்தில் வாங்கியிருந்தது தெரிந்து திரும்பி வந்தார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிராமத்தில் 10 லட்ச ரூபாய்க்கு ஓர் உற்பத்தி அலகு, விண்ணப்பிப்பவர் பெண். சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 50 ஆயிரம். வங்கி விடுவிப்பது 9.5 லட்சம். மானியம் 3.5 லட்சம் பின்னால் வந்து சேரும். கடைசியில் அவர் தலையில் நிற்கிற அசல் 6 லட்சம். இதே அலகை யு.ஒய்.இ.ஜி.பி.யில் போட்டால் மானியம் 2.5 லட்சம்தான். பொதுப் பிரிவு ஆண், நகரத்தில், பி.எம்.இ.ஜி.பி. என்றால் அது 1.5 லட்சமாகக் குறைந்துவிடும், சொந்தப் பணமும் 1 லட்சமாகக் கூடும். அவருக்கு வருமான வரம்பு ஒத்துவந்தால் மாநிலத் திட்டமே மேல். ஆகவே 'எது நல்ல திட்டம்' என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை.

பெரிதாக யோசிக்கிறவர்களுக்கு 'நீட்ஸ்', முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு வட்டியில் 3 சதவீதம் குறைப்பு. பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் விசாரிக்க வேண்டியது 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் வணிகச் சாதனையாளர்கள் திட்டம். திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதம் குறைப்பு. மீதி 65 சதவீதம் கடன் என்பதால் சொந்தப் பணம் போடத் தேவையில்லை. பலருக்குத் தடையே அந்த முதல் போடும் பணம்தானே.

கொல்லுப்பட்டறை, தச்சு, மண்பாண்டம் போன்ற கைத்தொழில் செய்கிறவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 25 வகைத் தொழில்கள், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம், மானியம். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் கிடையாது.

வங்கிக்கு முதலில் போங்கள்

விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வங்கியிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தில் எந்தக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பே அந்தக் கிளை மேலாளரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் கணக்கு பல வருடமாக ஓடுகிற கிளையாகவும், தொழில் நடக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிளையாகவும் இருப்பது நல்லது. சில கிளைகள் 'உங்க ஏரியா எங்க சர்வீஸ் ஏரியா இல்ல' என்று ஒரே வரியில் கோப்பை முடித்துவிடும்.

போகும் முன் சிபில் அறிக்கையை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை, எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். மறந்துபோன ஒரு மொபைல் தவணை, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, பழைய பயிர்க்கடன் எல்லாம் அதில்தான் எட்டிப் பார்க்கும்.

திட்ட அறிக்கை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து எழுதி வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் உங்களுக்கு வாய்ப்பாடு போல வர வேண்டும். ஒரு மட்டை என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை தட்டு, எத்தனை கழிவு, கரண்ட் எவ்வளவு, யாரிடம் விற்கப் போகிறேன், அவர் எத்தனை நாளில் பணம் தருவார். மேலாளர் கேட்பது இவற்றைத்தான். எழுதிக் கொடுத்தவரோ, யாரோ ஒருவருடைய பேக்கரிக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மாற்றித் தந்திருப்பார். எனக்குத் தந்ததில் நாலாம் பக்கத்தில் 'மைதா' என்று இருந்தது.

கொட்டேஷனை, அதாவது மெஷின் விற்பவர் தரும் விலைச் சீட்டை, கூட்டிப் போடச் சொல்லி வரும் ஆலோசனையையும் கேட்பீர்கள். 'பத்து லட்சத்துக்குப் போடு, ஆறுக்கு வாங்கு, மீதியைக் கையில் வை' என்பார்கள். அந்த நாலு லட்சத்துக்கும் நீங்கள்தான் வட்டி கட்டுகிறீர்கள். ஆய்வுக்கு வருகிற பொறியாளருக்கு மெஷின் விலை தெரியாமல் இருக்காது.

விண்ணப்பம், நேர்காணல், காத்திருப்பு

எல்லாமே இப்போது இணையத்தில்தான். நீங்களே செய்யலாம். முடியாவிட்டால் டி.ஐ.சி.யிலேயே உட்கார்ந்து ஏற்றித் தருவார்கள், அது அவர்கள் கடமையில் சேர்ந்தது. புகைப்படம், ஆதார், கல்விச் சான்று, சாதிச் சான்று, தேவையான திட்டங்களுக்கு வருமானச் சான்று, கொட்டேஷன், திட்ட அறிக்கை, இட ஆவணம். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முன்பே பதிந்துவிடுங்கள், வி.ஏ.ஓ.விலிருந்து வட்டாட்சியர் வரை போய்வர நாள் பிடிக்கும்.

டி.ஐ.சி. பரிசீலித்து வங்கிக்கு அனுப்பும். சில திட்டங்களில் குழு முன் நேர்காணல் இருக்கும், சிலவற்றில் மதிப்பெண் முறை. நேர்காணலுக்குக் கோட்டு சூட்டு தேவையில்லை. செய்யப்போகும் பொருளின் மாதிரி ஒன்று கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். நான் நாலு தட்டும் ஒரு தொன்னையும் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் அதைப் பற்றியே போனது.

பிறகு வங்கி. இங்கேதான் கோப்புகள் தேங்குகின்றன. "பாக்கலாம்", "மேலிடத்துல கேக்கணும்", "அடுத்த மாசம் வாங்க". எனக்கு மூன்று மாதம் இப்படிப் போனது, அப்புறம் பிணை கேட்டார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரையுள்ள கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் பிணையில்லாமல் தரும் வழி இருக்கிறது. இதைச் சண்டை போடும் குரலில் சொல்லக் கூடாது. "சார், உத்தரவாதத் திட்டத்துல போட முடியுமா?" என்று கேட்டால் பேச்சு தொடரும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை மறுப்பை வைத்து யாரிடமும் போய் நிற்க முடியாது. எழுத்துக் காரணத்தோடு மறுபடி டி.ஐ.சி.க்குப் போங்கள். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்க ஒரு முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார், அவரையும் பாருங்கள். ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டங்களில் தேங்கிய விண்ணப்பங்களின் பட்டியலை டி.ஐ.சி. வைக்கும். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் நீங்கள் ஜி.எம்.முக்கு ஒரு மனு எழுதித் தந்திருக்க வேண்டும். அதிகாரம் இல்லாத ஆபீஸின் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்யும். எனக்கு அந்தக் கூட்டம் முடிந்த மறு வாரம் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது.

கடன் வந்த பிறகு

தொழில்முனைவோர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் தர வேண்டும். தூக்கம் வரும் வகுப்புகளும் இருக்கும், ஆனால் ஜி.எஸ்.டி., கணக்கு எழுதுவது பற்றிய வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

பி.எம்.இ.ஜி.பி.யில் மானியம் உங்கள் கையில் வராது. அதே வங்கியில் மூன்று வருடத்துக்கு உங்கள் பெயரில் வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது; பதிலுக்கு, கடனில் அந்தத் தொகைக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. இதைச் சரியாகச் செய்கிறார்களா என்று கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். முழுத் தொகைக்கும் வட்டி போட்டு, கேட்ட பிறகு திருத்தித் தந்த கதை எனக்கே உண்டு. மூன்று வருடம் முடிந்து நேரில் ஆய்வு செய்த பிறகு வைப்பைக் கடனில் வரவு வைப்பார்கள். அதற்குள் அலகை மூடினாலோ, தவணை தவறி வாராக்கடன் ஆனாலோ மானியம் போய்விடும். இதை 'அரசுப் பணம், கட்டாவிட்டாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று நம்பிக் கெட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அனுமதிகளை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளையில் இருந்தால் இசைவாணை வாங்கத் தேவையில்லை, தகவல் தந்தால் போதும். உங்கள் தொழில் எந்த நிறம் என்பதைத் திட்ட அறிக்கை எழுதும்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு தனி. முதலீடு 50 கோடியைத் தாண்டினால் டி.ஐ.சி.யை விட்டுச் சென்னையில் உள்ள, மாநில அரசின் முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பான 'கைடன்ஸ்' நிறுவனத்துக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இருக்காது.

உற்பத்தி தொடங்கியதும் பலரும் டி.ஐ.சி.யை மறந்துவிடுகிறார்கள். சுயதொழில் திட்டம் எதிலும் சேராமல் சொந்தப் பணத்திலோ சாதாரண வங்கிக் கடனிலோ தொடங்கிய உற்பத்தி அலகுகளுக்கு மாநில அரசின் முதலீட்டு மானியம் இருக்கிறது. குறுந்தொழில் என்றால் தகுதியுள்ள மெஷின் மதிப்பில் 25 சதவீதம். தாழ்வழுத்த மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை மூன்று வருடத்துக்குத் திருப்பித் தரும் மானியமும் உண்டு. உற்பத்தி தொடங்கிய தேதியிலிருந்து விண்ணப்பக் கெடு ஓட ஆரம்பித்துவிடும் என்பதால் முதல் விற்பனை ரசீது, மின் இணைப்புத் தேதி, மெஷின் பில், பணம் கட்டிய வங்கிச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய மெஷின் ஆய்வில் அடிபடும்.

பணம் தராத பெரிய மனிதர்கள்

தொழில் ஓடத் தொடங்கினால் வரும் அடுத்த தலைவலி வசூல். சரக்கை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் இழுப்பார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று மண்டலவாரியாக மன்றங்கள் அமைந்தன. உங்கள் மாவட்டம் எதில் வருகிறது, மனுவை எப்படி இணையத்தில் போடுவது என்று டி.ஐ.சி.யில் சொல்வார்கள். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. குறு, சிறு அளவிலுள்ள உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான்.

சரக்கை விற்ற பிறகு உத்யம் பதிந்தால் அந்தப் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாமல் போகலாம். எனவே முதல் சரக்கு வெளியே போகும் முன் பதிவு கையில் இருக்கட்டும். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள். நான் ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறேன், நூற்றைம்பது ரூபாய் ஆனது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு வாடிக்கையாளர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா நம்பர்?" என்று கேட்டார். சொன்னேன். பாக்கி மறுநாள் வந்துவிட்டது.